மூட்டையின் அடியில் இருந்த பயறு

இலங்கை மலைநாட்டில், ரயில் இன்னும் பதுளைக்கு வந்து சேராத காலம். கடைவீதியில் எனக்கொரு மளிகைக் கடை இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து ஒரு மூட்டை பச்சைப்பயறு வாங்கிப் போவாள்.

கொழுந்து பறிக்கிறவளுக்கு ஒரு மூட்டை எதற்கு? கேட்டால், "பன்னெண்டு வீடு சேந்து வாங்குறோங்க. தோட்டத்துக் கடை வெல கட்டுபடியாகல" என்பாள். நான் நம்பவில்லை. லாபம் வைத்து விற்கிறாள் என்றே நினைத்தேன். என் புத்தி வேறெங்கே போகும்?

தோட்டத்து ஆட்களுக்காக மொத்தமாக வாங்க வரும் கங்காணிமாருக்குத் தனியாக ஏதாவது கொடுத்து, மட்டச் சரக்கைக் கண்டுகொள்ளாதபடி கைக்குள் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அப்படித்தான் ஒரு தடவை, மூட்டையின் அடியில் வண்டு அரித்த பழைய பயறைப் போட்டு மேலே புதுசைக் கொட்டினேன். அவளிடம் முதல்தரப் பயறு ஒரு பொட்டலம் கொடுத்து, "இது ஒனக்கு மட்டும்" என்றேன். வாங்கிக்கொண்டாள்.

எப்படித்தான் விற்கிறாள் என்று பார்க்கும் ஆவல் மட்டும் என்னை விடவில்லை. அந்தப் பக்கம் வேலை இருப்பதாகச் சொல்லி அவள் மூட்டையை ஏற்றிய மாட்டுவண்டியிலேயே ஏறிக்கொண்டேன். மூட்டையின் அடி தெரியப் பல நாள் ஆகும் என்ற தைரியம்தான்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்கள் சட்டிகளோடு காத்திருந்தார்கள். அவள் மூட்டையைப் பிரித்ததும் முதலில் என் பொட்டலத்தை அதற்குள் கொட்டினாள். "கடைக்காரரு கூடக் குடுத்தாரு" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

பிறகு மூட்டையிலிருந்தே தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி வீடு வீடாக அளந்தாள். பதினோரு சட்டிகள் நிறைந்தன. அவளுடையது மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"பங்கு போடுறவ கடைசியாத்தாங்க எடுக்கணும். அதான் எங்க கட்டுப்பாடு. பாவம், அவ புள்ளைக்குத்தான் இப்ப பயறு ரொம்ப வேணும். சத்தில்லாம மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. தெனம் அவிச்சுக் குடுக்கணும்னு டாக்டரய்யா சொல்லியிருக்காரு."

சிரட்டை மூட்டையின் அடியைத் தொட்டது. வந்ததெல்லாம் ஓட்டைப் பயறும் தூசியும் வண்டும். அவள் கையில் ஏந்திப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பொடைச்சா கொஞ்சம் தேறுங்க" என்றாள், எனக்கே ஆறுதல் சொல்வது போல.

"நான்தாம்மா தெரிஞ்சே போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் ஏசவில்லை. கும்பிட்டவர்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாளே நல்ல பயறு அரை மூட்டை கொண்டுபோனேன். அவள் தன் பங்கை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு, "மிச்சத்தக் கொண்டுபோங்க, இது எங்களதில்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவள் என்னதான் செய்கிறாள் என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அடியில் இருப்பது என் பிள்ளைக்கே வருமென்றால் இதை எப்படிக் கட்டுவேன் என்ற கேள்வி, அன்றிலிருந்து நான் கட்டும் ஒவ்வொரு மூட்டையிலும் வருகிறது.