மூன்று தெரு தள்ளி

அளவுக்காரர் என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். ஒரு கால் குட்டையாகப் பிறந்தவர்களுக்கு ஷூ செய்வது அவர் தொழில். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத் தக்கையை அடுக்கடுக்காக ஒட்டி, வெளியே தெரியாமல் தோல் போர்த்திக் கொடுப்பார். காலை அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஓரத்தில் பெயரையும் உயரக் குறைவையும் எழுதிக்கொள்வார். போன் நம்பர் மட்டும் வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். "போன்லயா கால அளக்கப் போறேன்?" என்பார். கால் வளர்ந்தால் தானாக வந்து நிற்பார்கள் என்று மனுஷனுக்கு அப்படியொரு தெனாவட்டு.

மனைவியின் தம்பிக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் பாடுவது ஒரே பாட்டுதான்.

"மாமா, ஒரு வெப்சைட் போட்டுத் தரேன். கடை எங்க இருக்கு, எப்ப திறந்திருக்கும், என்ன செய்றீங்கன்னு நாலு வரி. ரெண்டு போட்டோ. தேடறவங்க கண்ணுல படுவீங்க."

"வர்றவங்களுக்கே கை ஓயல மாப்ள. ஆள விடு!"

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று ஒருநாள் ஓலை வந்தது. மூன்று தெரு தள்ளி, ஒரு மாடியின் பின்பக்கம் இடம் கிடைத்தது. புது விலாசத்தைத் தன் கையால் எழுதிப் பழைய ஷட்டரில் ஒட்டிவிட்டு, பெரிய காரியம் முடித்த நிம்மதியோடு அளவுக்காரர் கிளம்பினார். ஒன்பதாம் நாள் இயந்திரம் வந்து இறங்கியது. ஷட்டரும் போனது, காகிதமும் போனது.

கூட்டம் குறைந்தது. அவருக்கு அதில் ஒரு பெயர்தான் உறுத்தியது. மூன்று வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாயோடு வந்து அளவு கொடுத்த சின்னப் பெண் அவள். "அந்தக் குட்டிகூட வேற ஆளப் பாத்துக்கிச்சு பாரு," என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார்.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள் மனைவி.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. இவரிடம் கேட்டால் கதைக்கு ஆகாது என்று மனைவியே தம்பியைக் கூப்பிட்டு, தன் போன் நம்பரைக் கொடுத்து வெப்சைட்டைப் போடச் செய்தாள். பத்தாம் நாள் போன் வந்தது.

"ஐயா, நீங்கதானா? நல்லா இருக்கீங்களா? நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னே நெனச்சோம்!" அந்தச் சின்னப் பெண்ணின் தாய் குரல் உடைந்து பேசினாள்.

மறுநாளே வந்தார்கள். பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். அவர் அவளை நேராக நிற்கச் சொல்லி, குட்டைக் காலுக்கு அடியில் தக்கைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினார். முன்பெல்லாம் இரண்டு துண்டு வைத்தால் தோள் சமமாகிவிடும். இப்போது நான்கு வைத்தும் இடது தோள் இறங்கியே இருந்தது.

"எத்தனையோ கடை ஏறி இறங்கினோம்," என்றாள் தாய். "ஒருத்தர் கட்டைய வெச்சு ஆணி அடிச்சுக் குடுத்தார். புண்ணாகிப் போச்சு. அப்புறம் துணிய மடிச்சு வெச்சே நடந்தா. முதுகு வளஞ்சிடுச்சுன்னு இப்ப டாக்டர் திட்டறார். ஷூவ விடாம போட்டிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப எங்க இருக்கீங்கம்மா?"

"அதே வீடுதான். இவ தினமும் ஸ்கூலுக்குப் போறதே இந்தத் தெரு வழியாத்தான்."

இரண்டு வருடம் காலையும் மாலையும் தன் கடைக்குக் கீழேயே நொண்டி நொண்டிப் போயிருக்கிறாள். எத்தனை தடவை, எத்தனை நாள்! நாலு வரி போதும் என்றானே, கேட்டேனா பாவி, என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தப்பு என்னோடதும்மா. வேற வேலைய எல்லாம் ஓரங்கட்டிட்டு, நாளைக்கே உனக்குச் செஞ்சு குடுத்துடறேன்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்து அந்தப் பெண்தான் சமாதானம் சொன்னாள். "மெதுவாவே செய்ங்க தாத்தா. இப்பல்லாம் நான் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுக்கறதில்ல."