வரிசையில் நின்றால்தான் படிப்பு

துணி காயப்போடும் கிளிப் ஒன்று என் கைப்பையில் கிடக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக். அது கடித்துக்கொண்டிருக்கும் அட்டைகள் அறுபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும், கோழி கிண்டின மாதிரி, அண்ணியின் கையெழுத்தில் ஓர் இடத்தின் பெயர்: ‘பஸ்’, ‘பாலம்’, ‘பாஸ்போர்ட் வரிசை’. அதற்கு அடியில் அந்த இடத்தில் நிற்கும்போது படிக்க வேண்டிய பாடம்.

அண்ணி சிம்பாங் ரெங்கம் என்ற சிற்றூரிலிருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஜொகூர் பாருவுக்கு வந்தவர். நானும் அவர்களோடுதான் இருந்தேன். அண்ணியும் நானும் ஒரே பஸ்ஸில் சிங்கப்பூர் வேலைக்குப் போய் வந்தோம், ஒரே கணக்காளர் பரீட்சைக்குப் பதிந்திருந்தோம். நான் படிப்பதற்கு ஐந்து வண்ணத்தில் அட்டவணை போட்டு ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அதில் பச்சை என்றால் ஓய்வு. பச்சையை மட்டும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அண்ணியிடம் அட்டவணையே கிடையாது. “அதான் ஜாம் இருக்குல்ல, போதும்லா,” என்பார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எல்லைப் பாலத்தில் நகராத பஸ்ஸில் எல்லாரும் முதலாளியையும் தலைவிதியையும் திட்டிக்கொண்டிருக்க, அண்ணி அட்டையைப் புரட்டுவார். ஜாம் குறைந்த நாளில் அவர் முகம் தொங்கிவிடும். இப்படியே ஒவ்வொரு பேப்பராகத் தேறிக் கடைசிப் பேப்பருக்கு வந்துவிட்டார். நானோ அட்டவணையைத் திருத்தித் திருத்தி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கொரோனா வந்து பாலத்தை மூடினார்கள். அண்ணிக்கு அது கடைசி வாய்ப்பு. குறித்த காலத்துக்குள் அந்த ஒரு பேப்பரை முடிக்காவிட்டால், முன்பு தேறிய மேல்நிலைப் பேப்பர்களும் செல்லாமல் போகும். வேலையோ வீட்டிலிருந்தபடி; தினமும் நான்கு மணி நேரம் மிச்சம். “உங்களுக்கு அடிச்சது யோகம் அண்ணி,” என்றேன். எங்கே! மேசையில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரு வரி ஏறவில்லை. முதலில் கொட்டாவி, பிறகு அலமாரி ஒதுக்கல், பிறகு பூந்தொட்டி. மூன்றாவது வாரம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அழுதேவிட்டார். “எனக்கு முன்னாடி பத்துப் பேரு நின்னாத்தான் மண்டையில ஏறுது. இத யாருகிட்டப் போய்ச் சொல்றது?” எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வெளியே போகவும் வழியில்லை. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டுமே கடைக்குப் போகலாம் என்று உத்தரவு. எங்கள் வீட்டுக்குத் தலைவர் அண்ணன்தான் என்பது அண்ணனுக்கே அப்போதுதான் தெரிய வந்தது. பதவியை மிகவும் ரசித்தார். முகக்கவசத்தை மாட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்புவார். அழுத மறுநாள் அண்ணி அவரிடம் கேட்டார்: “அந்தத் தலைவர் பதவிய எனக்குக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.” அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மார்க்கெட் பையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பேரங்காடி வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடு போட்டு வரிசை. அண்ணிக்கு வேறென்ன வேண்டும்? முறை வந்ததும் உள்ளே போய் ஒரு கட்டுக் கீரை வாங்குவார். வெளியே வந்து மறுபடி கடைசியில் போய் நிற்பார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் காவலுக்கு நின்ற பெரியவர் மறித்தார்.

“என்னம்மா, வீட்டுல ஆடு வளக்கிறீங்களா?”

அண்ணி அட்டைகளைக் காட்டி உண்மையைச் சொல்லிவிட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்து, “கீரைய விடுங்கம்மா. முறை வந்தா பின்னால உள்ளவங்கள விட்டுட்டு நீங்க நின்னு படிங்க, நான் பாத்துக்கிறேன்,” என்றாராம். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும். கீரைக் கடைசல், கீரைப் பொரியல், கீரை வடை என்று நானும் அண்ணனும் அதற்குள் ஒரு வழியாகியிருந்தோம்.

தள்ளிப்போய்த் தள்ளிப்போய்ப் பரீட்சை வந்தது. மண்டப வாசலில் உடம்புச் சூடு பார்க்க நீண்ட வரிசை. எல்லாரும் முணுமுணுக்க, அண்ணி மட்டும் “அப்பாடா” என்று கடைசி அட்டையைப் பிரித்தாராம். முடிவு வந்த அன்று காலையிலும் கடை வரிசையில்தான் இருந்தார், பழக்கதோஷம். கைப்பேசியைப் பார்த்தவர், வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் நின்றவரின் பை காலி, முகமெல்லாம் சிரிப்பு. அவர் வாயைத் திறக்குமுன்பே அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டார்.

பாலம் திறந்தாகிவிட்டது. அண்ணி இப்போது ஜொகூரிலேயே பெரிய வேலையில் இருக்கிறார். எனக்குத்தான் இது கடைசிப் பேப்பர், கடைசி வாய்ப்பு. போன வாரம் அண்ணி ஐஸ் பெட்டிக் கதவில் இருந்த என் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, “இந்தா, பாடம் மாறுன எடத்துல மட்டும் திருத்திக்க,” என்று கிளிப்பை என் கையில் வைத்தார்.

பாடம் அவ்வளவாக மாறவில்லை. வரிசைதான் மாறிவிட்டது. இப்போது எல்லையில் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டாம், கைப்பேசியைக் காட்டினால் கதவு திறக்கிறது. வரிசை விறுவிறுவென்று நகர்கிறது. இப்படி நகர்ந்தால் ஒருத்தி எப்படிப் பாஸாவது? இன்று காலை ‘பாஸ்போர்ட் வரிசை’ அட்டையில் பாதிகூடத் தாண்டவில்லை, அதற்குள் என் முறை வந்துவிட்டது. கிளிப்பைக் கையில் இறுக்கிக்கொண்டு பின்னால் நின்றவர் பக்கம் திரும்பினேன்.

“நீங்க போங்க,” என்றேன்.