தராசு அக்கா சொன்ன ‘நீ’

குடும்ப ஆலோசனை மையத்தில் அவளுக்குத் தராசு அக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாக யார் பக்கமும் சாயாமல் பேசுகிறாள் என்று சக ஊழியர்கள் வைத்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வைத்தவர்கள் எல்லோரும் அவளுடைய நிறத்தார், அவளுடைய இனத்தார் என்பது மட்டும் மண்டையில் உறைக்கவே இல்லை.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் சலவைக்கூடத்துத் தொழிலாளி. பிழைக்க வந்த கறுத்த இனத்துக்காரி. வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகளைத் தனியே விட்டாள் என்று அவளுடைய இரண்டு மகள்களையும் அரசு விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ஆலோசகர் நல்லபடியாக எழுதினால் பிள்ளைகள் வீடு திரும்பலாம். அக்கா எழுதி அனுப்பியிருந்ததோ, ‘ஒத்துழைப்பு இல்லை.’

“நீ வாயைத் திறந்தாத்தானேம்மா நான் உதவ முடியும்?” என்றாள் அக்கா.

“எனக்கு முன்னாடி வந்த அம்மாவும்தான் பேசல. வெளிய பெஞ்சுல இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவங்களுக்குத் தண்ணி குடுத்து, ‘நீங்க மெதுவா சொல்லுங்க’ன்னீங்க. நான் பேசலன்னா மட்டும் பேனாவை எடுக்கறீங்க. அவங்க ‘நீங்க’, நான் ‘நீ’. அவங்களைவிட எனக்குப் பத்து வயசு கூட.”

“அது பாசத்துல வர்ற ‘நீ’ம்மா.”

“அந்தப் பாசம் ஏன் அவங்க மேல வரல?”

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவள் யார் என்னைக் கேள்வி கேட்க? அவள் சொன்னது பொய் என்று காட்டவே அலமாரியைத் திறந்து பழைய கோப்புகளை மேசை நிறையப் பரப்பினாள். தன் இனத்தார் வாய் மூடி உட்கார்ந்திருந்த பக்கங்களில், ‘மனம் திறக்க அவகாசம் தேவை.’ எதிரே இருந்தவளின் இனத்தார் வாய் மூடிய பக்கங்களில், ‘ஒத்துழைப்பு இல்லை.’ இரண்டும் அவளுடைய அழகான கையெழுத்தில். கெட்ட எண்ணம் என்று ஒன்று இதற்குத் தேவைப்படவே இல்லை, நான் நல்லவள் என்ற நினைப்பே எல்லா வேலையையும் பார்த்திருக்கிறது. வெட்கத்தில் அவளுக்குக் காது எரிந்தது.

“நீ யாருக்கும் கெடுதல் நினைச்சவ இல்லையே” என்றார் கணவர், இரவு வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

“நினைக்காமலே இவ்வளவு செஞ்சிருக்கேங்க.”

மறுநாள் அக்கா கோப்புகளைக் கொண்டுபோய்க் காட்டியதும், மையத் தலைவி கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். “அந்த ஒரு அறிக்கையை மட்டும் சத்தமில்லாம மாத்திடு. மத்ததைக் கிண்டினா மையத்தோட பேரு நாறிடும். உன் வேலையும் போயிடும்.”

“போகட்டும் மேடம். இத்தனை வருஷம் அவங்க பேருதானே நாறுச்சு?”

பிள்ளைகளைத் திருப்பித் தருவது பற்றிய விசாரணை நாளில், குழந்தைகள் நல அதிகாரி முன் அக்கா எழுந்து நின்றாள். தன் அறிக்கை தவறு, அந்தப் பெண்ணிடம் பிள்ளைகளைத் தராமலிருக்க ஒரு காரணமும் இல்லை என்றாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப நீங்க எழுதின மத்த அறிக்கையெல்லாம்?”

“பதினோரு பேர்கிட்ட இதே தப்பைப் பண்ணியிருக்கேன் சார். பட்டியல் போட்டுக் கையெழுத்தும் வெச்சிருக்கேன். வெளியாள் ஒருத்தரை விட்டு எல்லாத்தையும் மறுபடி பாக்கச் சொல்லுங்க.”

வரும் வெள்ளிக்கிழமை பிள்ளைகளை ஒப்படைக்கும்படி உத்தரவானது. வெளியே வராந்தாவில் அந்தப் பெண் அக்காவை மறித்தாள். அக்காவின் கண் கலங்கியிருந்தது.

“அழுதுடாதீங்க. நீங்க அழுதா நான்தான் ஆறுதல் சொல்லணும். எனக்கு நன்றியும் வரல.”

“வர வேணாங்க. அஞ்சு மாசம் உங்க பிள்ளைங்களை நான்தானே பிரிச்சு வெச்சேன்.”

“எங்க தெருவுல இன்னொருத்தி இருக்கா. அவ மகனும் உங்க எழுத்தாலதான் விடுதிக்குப் போனான். பட்டியல்ல இருக்காளா?”

“மூணாவது பேரு.”

“இப்ப வீட்லதான் இருப்பா. வந்து அவகிட்ட நேரா சொல்லுங்க. ஆனா ஒண்ணு, தெருவே கூடுற மாதிரி திட்டுவா.”

“திட்டட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள்.