எதிர்க்கடைப் படியில் எடுத்த போட்டோக்கள்

நவாஸ் நானா போய்விட்டார்... விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லையாம்.

பிலிமத்தலாவையில் கண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய பார்மசி. இந்தப் பக்கம் என்னுடையது. பதினொரு வருடமாக நேருக்கு நேர்.

காலையிலிருந்து எல்லாரும் பேஸ்புக்கில் தங்கமான மனிதர் என்று போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... எனக்கு அந்த மனுஷன் மேல் பொறாமை. சும்மா இல்லை, வயிறு எரியும்.

என் கடையில் ஏசி இருக்கிறது. கம்ப்யூட்டர் இருக்கிறது. அவர் கடையில் ஒரு பழைய அலுமாரி, இரண்டு கதிரை. கூட்டம் என்னவோ அங்கேதான்.

அதிலும் இந்தச் சிவப்பு மச்சப் பிள்ளைகள்...

பிறந்து கொஞ்ச நாளில் முகத்திலோ கையிலோ ஒரு புள்ளி வந்து, சிவந்து வீங்கும். பெரிதாகிக்கொண்டே போனால் கிளினிக்கில் ப்ரோப்ரனோலோல் சிரப் எழுதிக் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு பிரஷருக்குக் கொடுப்பதும் அதே மருந்துதான்.

ஒரு நாள் ஹந்தானையிலிருந்து ஒரு தாய், கைப்பிள்ளையும் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டுமாக என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, இது பிரஷர் மருந்துன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்களே, நெசமா?"

"ஆமா" என்றேன். பொய்யா சொல்ல முடியும்?

அவர் துண்டை மடித்து பேக்குக்குள் வைத்தார். நேரே ரோட்டைக் கடந்து போய்விட்டார். என் கண் முன்னாலேயே!

எனக்குப் பொறுக்கவில்லை. ஏதோ ஒரு மருந்து இரவல் கேட்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

நானா அவரைக் கதிரையில் உட்கார வைத்திருந்தார்.

"ஓ தங்கச்சி, பிரஷர் மருந்துதான். இந்த மச்சத்துக்குள்ள ரத்தக் குழாய் கூடிப் போய் ஈக்கி. அதச் சுருக்கத்தான் டொக்டர் எழுதி ஈக்கிறார். அவர் சொன்ன அளவ தாண்ட வாணாம். புள்ள பால் குடிக்காட்டி, வாந்தி சத்தி எடுத்தா, அந்த நேரம் மருந்து வாணாம். கிளினிக்குக்கு கோல் எடுங்க."

பிறகு, மருந்தை அளந்து பழகுவதற்காக வெறும் தண்ணீரை சிரிஞ்சில் இழுத்துக் காட்டச் சொன்னார். மூன்று தரம்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். பாஸ் பண்ணித்தான் கடை போட்டேன். அந்த நேரம் சொல்லத்தான் தோன்றவில்லை...

கடைசியில் பிள்ளையைக் கடைப் படிக்குத் தூக்கி வரச் சொல்லி, தாயின் போனிலேயே ஒரு போட்டோ. மாதா மாதம் அதே படி, அதே பகல் வெளிச்சம். "ட்யூப் லைட்டுல சிவப்பு சரியா விளங்காது" என்பார். அடுத்த மாதம் இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது தாய்மார் சிரிப்பார்கள் பாருங்கள்... என் கடையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு எங்கள் கவி பிறந்தாள். வலக் கண்ணுக்குக் கீழே அதே மச்சம். கிளினிக்கில் அதே சிரப்.

மருந்து என் கடையிலிருந்துதான். ஆனாலும் என் மனைவி சாந்தி மாதா மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள்.

"புருஷன் பார்மசி வச்சிருக்கான். நீ அங்க போனா பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க?"

"நீங்க மருந்தப் பாக்குறீங்க. அவரு புள்ளையப் பாக்குறாரு."

ஒவ்வொரு தடவையும் என் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று முறைப்பேன். நானா அங்கிருந்து கையை ஆட்டுவார். நான் ஆட்டமாட்டேன்.

கவிக்கு இப்போது மூன்று வயது. கண்ணுக்குக் கீழே லேசாக ஒரு சுருக்கம் மட்டும் இருக்கிறது.

இன்று ஜனாஸா வீட்டுக்குப் போய் வந்த பிறகு, சாந்தி அழுதுகொண்டே அந்த போட்டோக்களை எடுத்துக் காட்டினாள். மொத்தம் எட்டு. நான் இதுவரை பார்த்ததில்லை... பார்க்கக் கூடாது என்று ஒரு வீம்பு.

எட்டிலும் கவியின் முகம். மாதத்துக்கு மாதம் மச்சம் வெளிறிக்கொண்டே வருகிறது. அவள் தலைக்குப் பின்னால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் என் கடை. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நான்.

"என்னா இது... எல்லாத்துலயும் நான் நிக்கிறேன்?"

"நானாதான் சொல்லுவாரு. 'கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க தங்கச்சி, புள்ளட வாப்பாவும் படத்துல விழட்டும்'னு."

இதிலும் நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள், நானா.

உங்கள் கடை பூட்டியிருக்கிறது. இப்போதுதான் என் வாசலில் நின்று கையை ஆட்டிவிட்டு வந்தேன்... போய் வாங்க.