பிரேக் மிதிக்கிற கால்

என் வீட்டுக்காரர் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பஸ் ஓட்டினார். ஓய்வு கிடைக்கும்போது பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள திடலில் மற்ற டிரைவர்களோடு, காலால் பந்தை வலைக்கு மேல் உதைத்து ஆடும் தக்ராவ் ஆடுவார். ஒரு சாயங்காலம் பந்துக்கு எம்பியவருக்கு வலது குதிகாலில் யாரோ உதைத்தது போலிருந்திருக்கிறது. கோபமாகத் திரும்பிப் பார்த்தாராம். பின்னால் ஒருவருமில்லை. அடுத்த அடி வைக்க முடியவில்லை.

ஈப்போவில் எலும்பு டாக்டரம்மா அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையை அழுத்திப் பார்த்தார். இடது பாதம் அசைந்தது, வலது பாதம் அப்படியே தொங்கியது. கெண்டைச் சதையைக் குதிகாலோடு சேர்க்கும் தசைநாண் முழுசாக அறுந்துவிட்டது என்றார் அந்த அம்மா.

அறுந்ததைத் தைக்கத்தானே வேண்டும் என்பது இவருடைய எண்ணம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “தைக்காமலும் கூடும், அண்ணே. முழங்கால்வரைக்கும் கெட்டியான பூட்ஸ் போட்டு, பாதத்தைக் கீழ் நோக்கி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுவோம். தைச்சா திரும்ப அறுந்துபோற பயம் கொஞ்சம் குறைவு. ஆனா வெட்டின புண் ஆற வேணும். உங்களுக்கு இனிப்புநீர் இருக்கு, ரத்தத்துல சர்க்கரை கூடினா புண் லேசில ஆறாது.”

எங்கள் இருவருக்கும் என் மாமியார்தான் நினைவுக்கு வந்தார். இதே இனிப்புநீரால் பாதத்தில் வந்த புண் ஆறாமல், அவருக்கு முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இவர் என் முகத்தைப் பார்த்தார். வெட்ட வேண்டாம் என்றேன். சரி என்றார்.

பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த மெத்தைகளை டாக்டர் சொன்ன நாளில் மட்டுமே ஒவ்வொன்றாக எடுத்தோம். பயிற்சிக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. அறுந்தது கூடியது. கடைக்கு நடந்து போனார், படி ஏறினார். சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கப் பார்ப்பார். அது மட்டும் எழும்பவேயில்லை.

அப்போதுதான் சிலிம் ரிவரிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி வந்தார். அவரும் டிரைவர். அதே இடத்தில் அறுந்து, வெட்டித் தைத்துக்கொண்டவர். இருவரும் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து காலை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். கூட்டாளியின் குதிகாலுக்கு மேல் தடித்த தழும்பு. புண் வெகு நாள் கசிந்ததாம், சுண்டுவிரல் பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறதாம். ஆனால் அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறும்வரை இவர் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தைத்திருந்தால் பலம் வந்திருக்குமா என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, தைத்தும் பலம் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள் என்றார் அவர். நாங்கள் செய்ததில் தவறில்லை என்றும் சொன்னார். தவறு இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் போலிருந்தது.

வேலைக்குத் திரும்புமுன் காலி பஸ்ஸை மலைக்கு ஓட்டிப் பார்த்தார். கூட்டாளியும் கூடப் போனார். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதி வழியில் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “பிரேக்க மிதிக்கிறேன்லா, நிக்குது. ஆனா எவ்வளவு மிதிக்கிறேன்னு காலுக்குத் தெரியல. பின்னால ஆளுங்கள வச்சுக்கிட்டு இத நான் செய்யக்கூடாது.”

பஸ் ஓட்டுவதை விடும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே கேட்டு டிக்கெட் கவுண்டருக்கு மாறிக்கொண்டார்.

முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட வந்தார். மலையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா கவுண்டரில் டிக்கெட் வாங்கும்போது, “எப்ப அண்ணே மறுபடி நீங்க ஓட்டுவீங்க?” என்று கேட்டாராம்.

“என்ன சொன்னீங்க?” என்றேன்.

“இனிமே இல்லக்கான்னு சொன்னேன்.”

கை கழுவப் போனவர் குழாயைத் திறந்தபடியே நின்றார். தோள்கள் குலுங்கின. நான் போய்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவரைப் பிடித்துக்கொண்டேன்.