கை குலுக்கச் சொன்னவர்

அறுபதுகளின் தொடக்கம். பெங்களூரில் ஒரு பல்பு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. எங்கள் பிரிவில் எல்லாரும் பெண்கள். கண்ணாடியைத் தீயில் காட்டி ஒட்டுகிற வேலை. சுடர் ஆடிவிடும் என்று மின்விசிறி போடமாட்டார்கள். வெயில் காலத்தில் மூலையில் இருந்த தண்ணீர்ப் பானைதான் எங்களுக்குக் கதி.

ஜீவனஹள்ளியிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி, கலகலப்பானவள். ஒரு நாள் அவள் அந்தப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்ததைப் பார்த்த மூத்த தொழிலாளி ஒருத்தி, எழுந்து போய்ப் பானையையே வாசலில் கவிழ்த்தாள். காரணம் சாதி. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"நாளையிலேர்ந்து உங்க வூட்டுத் தண்ணி கொண்டாந்து குடி" என்றாள்.

"இது கம்பெனி பானைக்கா. உங்க வூட்டுது இல்ல" என்றாள் புதியவள். சத்தம் முற்றியது.

சூப்பர்வைசர் வந்தார். நடந்ததைச் சொன்னோம். எந்தச் சண்டையையும் அவர் ஒரே மாதிரிதான் தீர்ப்பார். இருவரையும் நடுவில் நிறுத்திக் கை குலுக்க வைப்பார். தான் நடுநிலை தவறாதவர் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அன்றும் அதேதான்.

"ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. கலாட்டா எல்லாம் பேடா, வேணாம். கை குடுத்துக்கினு வேலையைப் பாருங்க."

ஒரு தப்பும் செய்யாதவள் முதலில் கையை நீட்டினாள். மற்றவள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"சரி, கை வேணாம். கும்பிடு போட்டுக்குங்க, அதே போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதியவள் கும்பிடவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"சண்டை எதுக்குன்னு இப்ப நீங்களே பாத்துட்டீங்க சார். என் மேல என்ன தப்பு, சொல்லுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கையை இழுத்துக்கினது யாரு சார்?" என்று நானும் கேட்டுவிட்டேன். "நீ உன் வேலையைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள், சமாதானத்துக்கு ஒத்துவரவில்லை என்று அவளைத்தான் பாக்கிங் பிரிவுக்கு மாற்றினார். நன்றாகத் தொழில் படிந்துவந்த பெண்ணை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார், அந்த நியாயவான். எங்கள் மூலைக்குப் புதுப் பானை வந்தது. பழையதைக் கவிழ்த்தவளே முதல் ஆளாகப் போய்க் குடித்தாள். நாங்கள் சிலர் அந்தக் கோடை முழுக்க அதைத் தொடவில்லை. பாக்கிங் பிரிவுக்கு நடந்து போய், அவள் மொண்டு கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தோம். சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பஞ்சாயத்துகளைப் பார்த்துவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே யாராவது "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு" என்று ஆரம்பித்தால், யாரும் பற்றாமல் அந்தரத்தில் நின்ற அந்தக் கை என் கண்முன் வருகிறது. இந்த வயதிலும் எனக்குக் கோபம் அடங்க மறுக்கிறது.