ஏழாவது மகனின் ஞானத்தந்தை

பஸ் முழுதாக நிற்பதற்குள் நிக்கனோரா ஏறிவிடுவாள். தலையில் கூடை, கை எதையும் பிடிக்காது. "சிப்பா, சிப்பா! சூடு பறக்குது! நேத்து சுட்டதுன்னா என் மூஞ்சியிலயே எறிங்க!" மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி பிசைந்து சுட்ட வளைய ரொட்டி. நேற்றுச் சுட்டதும் கூடையின் அடியில் உண்டு. அது காசு கொடுக்காமல் தின்னும் போலீஸ்காரர்களுக்கு.

அவளுக்குப் பெண் குழந்தையே இடையில் வராமல் ஏழு மகன்கள். ஏழாவது பையன் வெள்ளிக்கிழமைகளில் ஓநாயாக மாறுவானாம். நாட்டுத் தலைவரே ஞானத்தந்தை ஆனால் மாறமாட்டானாம். மூடத்தனத்தை ஒழிக்க வேண்டிய அரசு அதற்கு முத்திரை குத்தி, ஞானமகனின் படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டது. "ஓநாயாவா? காலையில எழுப்பினாலே எழ மாட்டான். அதுக்கெல்லாம் சுறுசுறுப்பு வேணும்யா" என்பாள் நிக்கனோரா. ஆனால் படிப்புச் செலவு விளையாட்டல்ல. மூத்தவர்கள் ஆறு பேரும் மூன்றாம் வகுப்போடு செங்கல் சூளைக்குப் போனவர்கள்.

பிப்ரவரியில், பையனின் ஞானத்தந்தையான நாட்டுத் தலைவர் ஜெனரல் உர்தாசாவை அவருடைய வலக்கையான மெந்தியேத்தாவே விரட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மறுவாரமே, ஓடிப்போனவரின் ஞானப்பிள்ளைகளுக்கு உதவி ரத்து என்று உத்தரவு. அரண்மனையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதற்கு, பதினொரு வயதுப் பையன் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டான்.

நிக்கனோரா கூடையோடு உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா அனஸ்தாசியோ, போன மாதம்வரை உர்தாசாவின் பிறந்தநாளுக்குக் கவிதை வாசித்தவர்.

"உத்தரவு உத்தரவுதாம்மா. அந்தத் துரோகியோட பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

"அந்தாளு கோயிலுக்கு வந்தாத்தானே சார்? காய்ச்சல்னு சொல்லி, பதிலுக்கு ஒரு கர்னலை அனுப்பினாரு. ஞானஸ்நானத்தப்போ பிள்ளையை ஏந்தினது அவருதான். பய அவரு உடுப்புலயே மூத்திரம் போயிட்டான். நான்தான் தொடைச்சேன்."

"எந்தக் கர்னல்?"

"இப்ப அரண்மனையில இருக்காரே, அவருதான். கோயில் பதிவேட்டுல கையெழுத்து இருக்கு, பாதிரியாரைக் கேளுங்க. புதுத் தலைவர் ஏந்தின பிள்ளையை நீங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து துரத்துனீங்கன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. சொல்லணுமா?"

அனஸ்தாசியோ எழுந்து கதவைச் சாத்தினார். ரத்து செய்த தாளைக் கிழித்தார். புதிய படிவம் ஒன்றை விரித்து, சட்டைப்பையிலிருந்த தம் மைப்பேனாவையே திறந்து நீட்டினார்.

"உக்காருங்கக்கா. ஞானத்தந்தை பேரை நீங்களே எழுதுங்க. நல்லா அழுத்தி எழுதுங்க."

நிக்கனோரா பேனாவை மூடி அவரிடமே கொடுத்தாள். பிறகு எட்டி, அவர் காதில் செருகியிருந்த, முனையில் ரப்பர் வைத்த பென்சிலை எழுதுவதற்கு உருவிக்கொண்டாள்.